நால்வர் எழுதிய ஒரே கடிதம்

தெற்கு லண்டனில் மிச்சம் என்ற ஊரின் ட்ராம் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் துஷாந்தனின் கடை வாசலில் செல்வமலர் ரீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பது அந்தத் தெருவுக்குப் பழகிப்போன காட்சி. துஷாந்தன் காலையில் கடை திறந்ததும் ஒரு கரும்பலகையில் அன்றைய மரக்கறி விலையை ஆங்கிலத்தில் எழுதி வெளியே சாத்தி வைப்பான். கத்தரிக்காயோ தக்காளியோ, எதை எழுதினாலும் கடைசி எழுத்துக்கு முன்னால் ஒரு காற்புள்ளியைத் தலைக்கு மேலே கொழுவிவிடுவது அவன் வழக்கம். அது பன்மைச் சொல்லில் வரக்கூடாத புள்ளி. ரீச்சர் கைப்பைக்குள் இருந்து ஒரு ரிஷ்யூக் கடதாசியை எடுப்பார், எச்சில் தொடுவார், பிறகு ஒவ்வொரு மரக்கறியின் தலையிலும் இருந்து பேன் எடுப்பதுபோலப் புள்ளியை எடுப்பார்.

"ரீச்சர், சனம் தக்காளி வாங்கத்தான் வருகுது. இங்கிலிஸ் படிக்க வரேல்லை," என்பான் துஷாந்தன்.

"வெள்ளைக்காரன் பாத்தா எங்களைப் பற்றி என்ன நினைப்பான்?"

"முந்தி இந்தக் கடையை வச்சிருந்த வெள்ளைக்காரன் எழுதினதைப் பாத்துத்தான் ரீச்சர் நான் எழுதிறன்."

அவன் சொன்னது உண்மை. அதுதான் ரீச்சரின் வயிற்றெரிச்சலே. இந்த மொழியின் சொந்தக்காரர்கள் அதைக் கண்டபாட்டுக்கு எறிந்து விளையாடுகிறார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை. பக்கத்து வீட்டு டெறிக், பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர், இங்கிலாந்தில் பிறந்து இங்கிலாந்திலேயே நரைத்தவர், 'செய்திருக்க வேண்டும்' என்பதற்கு 'ஷுட் ஹாவ்' என்று எழுதவேண்டிய இடத்தில் எல்லாம் 'ஷுட் ஒவ்' என்று எழுதுவார். பல்வைத்தியரின் கதவில் தொங்கும் அறிவித்தலில் 'உங்கள்' என்று வரவேண்டிய இடத்தில் 'நீங்கள்' என்று போட்டிருக்கிறது. அதைப் பார்த்தால் ரீச்சருக்கு வராத பல்வலியும் வரும்.

யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் இருபது வருடத்துக்குக் கிட்ட ஆங்கிலம் படிப்பித்தவர் அவர். ஷெல் விழுந்த நாட்களிலும் பதுங்கு குழிக்குள் வைத்து வினைச்சொல்லின் மூன்று காலத்தையும் ஒப்புவிக்கச் செய்தவர். லண்டனுக்கு வந்து, வகுப்பறை உதவியாளர் வேலை ஒன்றுக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனபோது, மகள் வயதில் இருந்த ஒருத்தி மிகவும் மரியாதையாகச் சொன்னாள்: உங்களுடைய உச்சரிப்பு பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கலாம். கடைசியில் கிடைத்தது ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டுக் கொடுக்கும் வேலை. அங்கே சுவரில் ஒட்டியிருந்த, கைகழுவச் சொல்லும் அறிவித்தலில் பிழை கண்டு சிவப்புப் பேனையால் திருத்திவிட்டார். மேற்பார்வையாளர் கூப்பிட்டு, இது மற்றவர் மனதைப் புண்படுத்தும் செயல் என்று எச்சரித்தாள். பிழையாக எழுதினவளுக்கு மனம் புண்பட்டதாம். சரியாக எழுதினவருக்கு மனம் என்று ஒன்று இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. ஓய்வுபெறும் வரை ரீச்சர் அந்தச் சுவரைப் பார்க்காமலே அவித்த கரட்டை அள்ளிப் போட்டார்.

புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் அவரும் தம்பி றஜீவனும் மட்டும்தான். றஜீவனுக்கு நாற்பது தாண்டிவிட்டது. யுத்தம் முடிந்து, தடுப்புமுகாமில் இருந்து வெளியே வந்து, என்னென்னவோ வழியால் லண்டன் வந்து சேர்ந்தவன். அகதி விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு மேன்முறையீடு, மறுபடி விண்ணப்பம், மறுபடி நிராகரிப்பு. வேலை செய்ய அனுமதி இல்லை. குறித்த நாளில் போய்க் கையெழுத்து வைக்க வேண்டும். அப்படிக் கையெழுத்து வைக்கப் போன இடத்தில் பிடித்து அடைத்து, விமானம் ஏற்றியவர்களும் இருக்கிறார்கள். வேலை செய்யக்கூடாத அந்த மனிதன்தான் அந்தத் தெருவிலேயே அதிகமாக வேலை செய்தவன். துஷாந்தனின் தாய் செத்த வீட்டில் நின்று சமைத்தான். டெறிக்கின் குளிர்காலப் பனியை வழித்துத் தள்ளினான். எதிர்வீட்டுப் பெர்னடெற்றின் புருஷன் அந்தோனி பாரிசவாதத்தில் விழுந்தபோது மாதக்கணக்கில் அங்கேயே கிடந்தான். ஒருவரிடமும் ஒரு சதம் வாங்கவில்லை. வாங்கினால் அது வேலை.

புதிய வழக்கை எடுத்தவள் ஜதுர்ஷிகா. லண்டனின் செவன் கிங்ஸில் பிறந்து வளர்ந்த பெண்; முப்பது வயது இருக்கும். நல்ல கெட்டிக்காரி. பாதி ஆங்கிலமும் பாதி யாழ்ப்பாணமுமாகப் பேசுவாள்.

"அன்ரி, இந்த முறை கேஸ் அகதிக் கேஸ் இல்லை. அண்ணா இஞ்ச இவ்வளவு காலம் வாழ்ந்திருக்கிறார், அவற்ற வாழ்க்கை இஞ்சதான் இருக்குது, அவரை அனுப்பினா இஞ்ச இருக்கிற ஆக்களுக்கும் வாழ்க்கை உடையும். அதைத்தான் ஜட்ஜுக்குக் காட்டப்போறம். அவரைத் தெரிஞ்ச ஆக்களிட்டைக் கடிதம் வாங்கித் தாங்கோ. சிம்பிள்தான். அவையவை தங்கட சொந்த வார்த்தையில எழுதட்டும்."

"ஓம் பிள்ளை, அதை என்னட்ட விடு," என்றார் ரீச்சர். அவள் 'அவையவை' என்று சொன்னதும் 'சொந்த' என்று சொன்னதும் அவருடைய காதில் விழுந்ததுதான். விழுந்து என்ன பயன்?

ஒரு கிழமைக்குள் மூன்று கடிதங்கள் வந்துவிட்டன. துஷாந்தன் கடையில் நின்றபடியே எழுதிக் கொடுத்தான். டெறிக் இரண்டு பக்கம் நிறைய எழுதி, தானே கொண்டுவந்து கதவைத் தட்டித் தந்தார். பெர்னடெற் ஒரு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்பவள். காலை ஷிப்ட் முடிந்து வந்து, பள்ளிக்கூடக் கொப்பியில் கிழித்த தாள்களில் எழுதியிருந்தாள். தாளின் சில இடங்கள் ஈரம் பட்டுக் காய்ந்து சுருங்கியிருந்தன.

ரீச்சர் சாப்பாட்டு மேசையில் மூன்றையும் விரித்து வைத்தார். சிவப்புப் பேனையைத் திறந்தார். அந்த நேரம் அவருடைய முகத்தைப் பார்த்திருந்தால் பாவம் என்று இருந்திருக்கும். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அவருக்குத் திருத்துவதற்குக் கொப்பிகள் கிடைத்திருக்கின்றன.

துஷாந்தனின் கடிதத்தில் தலைக்குமேல் புள்ளிகள் மரக்கறியில் இருந்து மனிதர்களுக்குத் தாவியிருந்தன. டெறிக் தன் 'ஷுட் ஒவ்'களை வழி நெடுக விதைத்திருந்தார். பெர்னடெற்றின் கடிதத்துக்கு வந்ததும் பேனை வேகம் பிடித்தது. இறந்தகாலமே இல்லை. நேற்று நடந்ததும் போன வருடம் நடந்ததும் எல்லாம் இப்போது நடப்பதுபோலவே எழுதியிருந்தாள். 'கழுவு' என்ற சொல்லை ஒரே பந்தியில் திரும்பத் திரும்பப் போட்டிருந்தாள். ஒரு நீதிபதிக்கு எழுதும் கடிதத்தில் கழுவுவதாவது! சிவப்புப் பேனை ஓடி ஓடிக் களைத்து, கடைசியில் தாளில் கறுப்பை விடச் சிவப்புத்தான் அதிகமாக இருந்தது.

இதைத் திருத்தி ஆகாது, புதிதாகத்தான் எழுத வேண்டும் என்று ரீச்சர் முடிவு செய்தார். எப்படி எழுதுவது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. நற்சான்றிதழ் எழுதித் தேய்ந்த கை அது. ஊரில் எந்த வேலைக்கு விண்ணப்பிப்பது என்றாலும் ஒரு நற்சான்றிதழ் வேண்டும். அதிபரிடம் ஒன்று, கிராமசேவகரிடம் ஒன்று, பாதிரியாரிடமோ ஐயரிடமோ ஒன்று. யார் எழுதினாலும் வசனம் ஒன்றுதான். இவரை நான் நீண்ட காலமாக நன்கு அறிவேன். நான் அறிந்தமட்டில் இவர் நன்னடத்தை உடையவர். கடமை உணர்வும் பணிவும் மிக்கவர். இவருடைய எதிர்கால முயற்சிகள் யாவும் வெற்றிபெற வாழ்த்துகிறேன். படித்து முடித்துப் போன அத்தனை பிள்ளைகளுக்கும் ரீச்சர் அதைத்தான் எழுதிக் கொடுத்தார். அதை வைத்து அவர்கள் வங்கியிலும் அரசாங்கக் கச்சேரியிலும் போய் அமர்ந்தார்கள். யாழ்ப்பாணத்தில் அது திறக்காத கதவு இல்லை. லண்டன் கதவுக்கு வேறு சாவி என்று ரீச்சருக்கு யார் சொல்வது? சொன்னாள் ஒருத்தி, ஜதுர்ஷிகா. அவளுடைய தமிழிலேயே ரீச்சர் பிழை பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று கடிதங்களும் முடிந்தன. அந்தோனியின் விஷயம் 'எனது கணவர் நோயுற்றிருந்த காலத்தில் இவர் அளப்பரிய உதவி புரிந்தார்' என்ற ஒற்றை வரிக்குள் அடங்கியது. டெறிக் என்ற வெள்ளைக்காரரும், பனை மரத்தையே கண்டிராதவர், தான் அறிந்தமட்டில் றஜீவன் நன்னடத்தை உடையவர் என்று உறுதி கூறினார்.

நான்காவதாக ரீச்சர் தன்னுடைய கடிதத்தை எழுதினார். முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு தன்னை மலசலகூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போய் வந்தவன் தம்பிதான் என்பது அவருக்கு மறந்துவிடவில்லை. ஆனால் மலசலகூடத்தை எப்படி ஒரு நீதிபதியின் மேசையில் வைப்பது? 'இவர் வீட்டுக் கடமைகளில் எனக்கு உறுதுணையாக இருந்துவருகிறார்' என்று எழுதி, ஒரு எழுத்துப் பிழையும் இல்லை என்று மூன்று தரம் பார்த்துவிட்டுக் கையொப்பம் வைத்தார்.

றஜீவன் நாலையும் நின்றபடியே வாசித்தான். "அக்கா, எல்லாம் ஒரே மாதிரிக் கிடக்குது."

"எல்லாம் சரியாக் கிடக்குது."

"அவை எழுதினதையே குடுத்திருக்கலாம்."

"உன்ர வாழ்க்கையைக் கொண்டுபோய்ப் பிழை விட்ட கடதாசியில குடுக்கச் சொல்லுறியோ? எங்கட சனத்துக்கு ஒரு மரியாதை வேண்டாமே?"

அவன் கடிதங்களை அடுக்கி மேசையில் வைத்தான். அக்காவோடு ஆங்கிலத்தைப் பற்றிக் கதைத்து வென்றவர் குடும்பத்தில் இல்லை.

மூவரும் கையெழுத்து வைத்தார்கள். துஷாந்தன் வாசிக்காமலே வைத்தான். டெறிக் வாசித்துவிட்டு, தான் இவ்வளவு அழகாக எழுதக்கூடியவர் என்று தனக்கே தெரியாமல் போய்விட்டதே என்று சிரித்தபடி வைத்தார். அவருக்கு எழுத்தில் எப்போதும் கொஞ்சம் வெட்கம், திருத்தியதில் சந்தோஷம்தான். பெர்னடெற் மட்டும் தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள்.

"இவ்வளவுதானோ ரீச்சர்?"

"அதுக்குள்ள எல்லாம் வந்திட்டுது பெர்னடெற். நல்ல இங்கிலிசில எழுதினா சுருக்கமாத்தான் வரும்."

"நீங்கள் சொன்னாச் சரி," என்று பெர்னடெற் பேனையை வாங்கினாள். படித்த மனுசிக்கு முன்னால் அவள் வேறு என்ன சொல்ல? அன்றைக்குப் பின்னேரமே ரீச்சர் பழைய தாள்களைத் துண்டு துண்டாகக் கிழித்துக் கடதாசித் தொட்டிக்குள் போட்டார். திருத்திய கொப்பியைத் திரும்பப் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

வழக்கு நாளுக்கு முன்னால் ஜதுர்ஷிகா போனில் கேட்டாள்: சாட்சி சொல்ல வருகிற பெர்னடெற் அன்ரிக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா? ரீச்சர் ஒரு கணம் யோசித்தார். இப்படி ஒரு ஆங்கிலத்தில் கடிதம் கொடுத்தவள் மொழிபெயர்ப்பாளரோடு போய் நின்றால் வடிவாக இருக்குமா? "தேவையில்லை பிள்ளை, அவ சமாளிப்பா," என்றார்.

தீர்ப்பாயம் என்றால் பெரிய மண்டபம், கறுத்த அங்கி என்று ரீச்சர் நினைத்திருந்தார். போய்ப் பார்த்தால் ஒரு பாடசாலை அலுவலகம்போல இருந்தது. நீதிபதிக்கு முன்னால் தண்ணீர்ப் போத்தல். அரசாங்கத்தின் சார்பில் வந்தவள் கண்ணாடி போட்ட, இரக்கமான குரல் உள்ள இளம் பெண். முதலில் ரீச்சர் சாட்சி சொன்னார். ஒவ்வொரு கேள்விக்கும் முழு வசனத்தில், இலக்கணம் வழுவாமல் பதில் சொல்லிவிட்டுப் பின் வரிசையில் போய் அமர்ந்தார். தம்பியைப் பற்றிக் கேட்டபோதும் முழு வசனத்தில்தான் சொன்னார்.

பிறகு பெர்னடெற் வந்து அமர்ந்தாள். அந்த இரக்கமான குரல், எழுந்து நின்று நான்கு கடிதங்களின் கடைசி வசனத்தையும் ஒன்றன்பின் ஒன்றாக வாசித்தது. எதிர்கால முயற்சிகள் யாவும் வெற்றிபெற வாழ்த்துகிறேன். எதிர்கால முயற்சிகள் யாவும் வெற்றிபெற வாழ்த்துகிறேன். நான்காவது தரம் வாசித்தபோது நீதிபதி பேனையைக் கீழே வைத்தார். நாடு கடத்தப்படப்போகிற ஒருவனுக்கு நான்கு பேர் எதிர்கால முயற்சிக்கு வாழ்த்துச் சொல்லியிருக்கிறார்கள். ரீச்சருக்கு அந்த வசனத்தின் அர்த்தம் அப்போதுதான், பிறர் வாயில் கேட்டபோதுதான், உறைத்தது.

"இந்தக் கடிதத்தை நீங்களா எழுதினீர்கள்?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

பெர்னடெற் வேதக்காரி. பைபிளில் கை வைத்துச் சத்தியம் செய்துவிட்டு வந்திருக்கிறாள். "யெஸ்," என்றாள். பிறகு, "நோ. ஐ ரைற். ரீச்சர் மேக் கரெக்ற்."

"அப்படியானால் இவர் உங்கள் கணவருக்கு என்ன உதவி செய்தார் என்று உங்கள் சொந்த வார்த்தையில் சொல்லுங்கள்."

பெர்னடெற் வாயைத் திறந்தாள். சொல்லத்தான் வந்தவள். ஆனால் திறந்த வாயோடு அவள் பார்த்தது நீதிபதியை அல்ல, பின் வரிசையை. அங்கே ரீச்சர் நிமிர்ந்து அமர்ந்திருந்தார். அந்தப் பார்வைக்கு முன்னால் இறந்தகாலத்தை எங்கே போய்த் தேடுவது?

"ஹெல்ப்," என்றாள். "வெரி... ஹெல்ப்."

ரீச்சரின் உதடு தானாக அசைந்தது. சத்தம் வரவில்லை, ஆனால் அந்தச் சொல்லின் விடுபட்ட வாலைச் சேர்த்து உதடு ஒழுங்காக உச்சரித்தது. இருபது வருடப் பழக்கம் அது, கையைத் தூக்கித் தடுத்தாலும் நிற்காது. நீதிபதி தலையை உயர்த்தினார். பின்னால் இருக்கும் அம்மையார் சாட்சிக்குச் சொல்லிக் கொடுப்பதைத் தயவுசெய்து நிறுத்த வேண்டும் என்றார். மிகவும் மரியாதையாகச் சொன்னார். இந்த நாட்டில் எல்லாக் கதவையும் மரியாதையாகத்தான் சாத்துவார்கள்.

றஜீவன் திரும்பிப் பார்க்கவில்லை. அவனுடைய பிடரி மட்டும் ரீச்சருக்குத் தெரிந்தது.

ஜதுர்ஷிகாவோடு இன்னும் கதைக்க இருந்ததால் றஜீவன் நின்றுவிட்டான். ரீச்சரும் பெர்னடெற்றும் மட்டும் ரயிலில் வந்து, விம்பிள்டனில் இறங்கி ட்ராம் ஏறினார்கள். வழி நெடுகப் பெர்னடெற் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தாள். மிச்சம் வருவதற்குச் சற்று முன்னால் திரும்பினாள்.

"ரீச்சர், நான் எழுதித் தந்ததை எங்க வச்சிருக்கிறியள்? அதை எனக்குத் தாங்கோ."

"அது ஏன் இப்ப?"

"அந்தோனி கண்ணை மூடினாப் பிறகு நான் அவரைப் பற்றி ஒருத்தரிட்டையும் கதைக்கேல்லை. பிள்ளையளுக்கும் சொல்லேல்லை. அதிலதான் எல்லாத்தையும் எழுதினனான். அழுதழுது எழுதினது. இன்னொருக்கா எழுதச் சொன்னா எனக்கு ஏலாது." கண்ணைத் துடைத்தாள். "அந்தோனியைக் கழுவேக்க அவர் வெக்கத்தில அழுதவர். அப்ப றஜீவன் உங்கட அப்பாவைப் பற்றிச் சொன்னதையும் எழுதினனான்தானே. அதைச் சொன்னாப் பிறகுதான் அந்தோனி கழுவ விட்டவர்."

"எங்கட அப்பாவைப் பற்றியோ?"

"ஓம் ரீச்சர். நீங்கள் வாசிச்சனீங்கள்தானே?"

ட்ராம் கதவு திறந்து மூடியது. அப்பா செத்தது யுத்தத்தின் கடைசி மாதங்களில், ஒரு கூடாரத்துக்குள். மகள் லண்டனில் இருந்தார். மகன் தடுப்புமுகாமில், முள்ளுக்கம்பிக்கு மற்றப் பக்கத்தில் இருந்தான். ஒரே வீட்டில் இத்தனை வருடம் இருந்தும் அக்காவும் தம்பியும் அதைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை. ஒருவர் தொடங்கட்டும் என்று மற்றவர் இருந்துவிட்டார்கள்.

"வாசிச்சனான்," என்றார் ரீச்சர். "வீட்டில பத்திரமாக் கிடக்குது. எடுத்துத் தாறன்."

தீர்ப்பு வந்ததும் ஜதுர்ஷிகா அதைத் தபாலில் அனுப்பாமல் கையோடு கொண்டுவந்தாள். முன்னறையில் அமர்ந்து, வாசித்து, தமிழில் சொன்னாள். தோல்வி. நான்கு கடிதங்களும் ஒரே கையால் எழுதப்பட்டவை. சாட்சியின் ஆங்கில அறிவுக்கும் அவருடைய கடிதத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஆகவே இக்கடிதங்களுக்குப் பெறுமதி கொடுக்க முடியாது. அதுகூடப் பரவாயில்லை. சகோதரியின் கடிதத்தைப் பற்றித் தனியாக ஒரு பந்தி இருந்தது. அது ஒரு நிறுவனம் விலகிச் செல்லும் ஊழியருக்குக் கொடுக்கும் சான்றிதழை ஒத்திருக்கிறது. நெருங்கிய குடும்ப உறவு இருப்பதாக அதில் எதுவும் புலப்படவில்லை.

"பிழையா எழுதினாப் படிக்காத சனம்," என்றார் ரீச்சர். "சரியா எழுதினாக் கள்ளச் சனம். அப்ப நாங்கள் என்னெண்டுதான் எழுதுறது? டெறிக் எழுதினா, டெறிக் எழுதினதெண்டு நம்புவாங்கள். நான் எழுதினா, எங்க களவெடுத்தனி எண்டு கேப்பாங்கள்."

அது நியாயமான கோபம். இந்த நகரத்தில் அதைவிட நியாயமான கோபம் இருக்க முடியாது. ஆனால் அந்தக் கோபத்தால் றஜீவனுக்கு ஒரு நாள்கூடக் கூடுதலாகக் கிடைக்கப்போவதில்லை.

ரீச்சர் தீர்ப்பை வாங்கித் தானே வாசித்தார். மூன்றாம் பக்கத்தில் கை நின்றது. "இஞ்ச பார் பிள்ளை. இவன்ர பேரை மேல ஒரு மாதிரியும் கீழ ஒரு மாதிரியும் எழுதியிருக்கினம்." மேசையில் கிடந்த சிவப்புப் பேனையை எடுத்து வட்டம் போட்டுவிட்டார்.

"அன்ரி, ப்ளீஸ்," என்றாள் ஜதுர்ஷிகா. அவளுடைய குரலில் அழுகையும் எரிச்சலும் கலந்திருந்தது. "அதால ஒண்டும் நடக்காது. கேளுங்கோ. மேல அப்பீல் பண்ண இன்னும் ஒரு சான்ஸ் இருக்கு. அவை முதல் எழுதின கடிதங்கள் இருந்தா, அதைக் காட்டி, இது பொய்க் கடிதம் இல்லை, நீங்கள் இங்கிலிசை மட்டும்தான் திருத்தினீங்கள் எண்டு சொல்லலாம். கையெழுத்து, திகதி எல்லாம் இருக்கும்தானே? இனிப் புதுசா எழுதினா நம்பமாட்டினம். பழசுதான் வேணும்."

ரீச்சர் சிவப்புப் பேனையின் மூடியைப் போட்டார்.

"எங்க அன்ரி இருக்கு?"

"கிழிச்சுப் போட்டன்."

சமையலறையில் தேநீர்க் கோப்பைகளின் சத்தம் நின்றது. றஜீவன் அங்கே இருந்தான்.

ஜதுர்ஷிகா நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு மடிக்கணினியைத் திறந்தாள். "சரி. கிழிச்சது கிழிச்சதுதான். அதுகளை முழுசா வாசிச்ச ஒரே ஆள் நீங்கள். அவை என்ன எழுதியிருந்தவை எண்டு சொல்லுங்கோ. நான் உங்களிட்ட ஒரு ஸ்ரேற்மென்ற் எடுக்கிறன். கொஞ்சமாவது உதவும். முதல் பெர்னடெற் அன்ரியின்ர. என்ன எழுதியிருந்தவ?"

ரீச்சர் கண்ணை மூடினார். தாள் அப்படியே கண்ணுக்குள் வந்தது. கிழித்த விளிம்பும், ஈரம் காய்ந்த இடமும்கூட. முதல் வரியில் ஒருமைக்குப் பன்மை. இரண்டாம் வரியில் காலம் பிழை. அதற்குக் கீழே 'புருஷன்' என்ற சொல்லில் ஒரு எழுத்துக் குறைவு. பிறகு 'கழுவு', மறுபடி 'கழுவு'. டெறிக்கின் 'ஷுட் ஒவ்' எந்தெந்த வரியில் இருந்தது என்றுகூட அவரால் விரல் வைத்துக் காட்ட முடியும். அவர் என்ன செய்திருக்க வேண்டும் என்று எழுதினார்? யார் செய்திருக்க வேண்டும்? சிவப்பு எல்லாம் அப்படியே இருந்தது. சிவப்புக்குக் கீழே கறுப்பு இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை.

"அன்ரி?"

"அவ... காலம் ஒண்டும் சரியாப் போடேல்லை," என்றார் ரீச்சர்.

"அதில்லை அன்ரி. விஷயம். என்ன விஷயம் எழுதினவ?"

றஜீவன் தேநீரோடு வந்தான். ஜதுர்ஷிகாவுக்கு ஒன்று, அக்காவுக்குச் சீனி போடாமல் ஒன்று. அடுத்த கையெழுத்து நாளுக்கு மருந்தும் மாற்று உடுப்பும் ஒரு பையில் கொண்டுபோவது நல்லது, பிடித்து அடைத்தாலும் அடைப்பார்கள் என்று ஜதுர்ஷிகா வந்ததுமே அவனிடம் சொல்லியிருந்தாள். அந்தப் பை இப்போதே படிக்கட்டின் அடியில் இருந்தது.

"தங்கச்சி, பிழையளைக் கேளுங்கோ," என்றான். கோபமாகச் சொல்லவில்லை. "அக்கா ஒண்டும் விடாமல் சொல்லுவா."

ஜதுர்ஷிகா கணினியை மெதுவாக மூடினாள். ரீச்சர் தம்பியின் முகத்தைப் பார்த்தார். எத்தனையோ வருடமாகக் கேட்காத கேள்வி வாய் வரைக்கும் வந்தது. ட்ராமில் அன்றைக்கு வந்து நின்ற அதே கேள்விதான்; அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் சாப்பாட்டு மேசையில் அதை விழுங்கிக்கொண்டுதான் இருந்தார்.

"தம்பி," என்றார். "அந்தோனியிட்ட நீ அப்பாவைப் பற்றி என்ன சொன்னனி?"

றஜீவன் அக்காவின் கோப்பையைப் பிடி அவர் பக்கம் வரும்படி திருப்பி வைத்தான்.

"அதுதான் அந்தக் கடிதத்தில எழுதியிருந்ததே அக்கா," என்றான். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு மேலே போனான்.